சின்னத்தை மாற்றப் போகும் நிறுவனத்தாருக்கு: பழைய போர்டை எழுதியவனின் திறந்த மடல்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

நிறுவனத்தின் இயக்குநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்க ஆரம்பித்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும், ஊரில் விவரம் தெரிந்தவர்களுக்கும் தெரிந்துவிடும். இதே வேலையை இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் சில கட்டுமான நிறுவனங்கள் செய்துகொண்டிருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தனிக் கடிதமாக எழுதாமல் திறந்த மடலாக எழுதுகிறேன்.

போன மாதம் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். குடோன் சுவர், நான்கு கலவை மெஷின், இரண்டு டிப்பர், இவற்றில் உள்ள பழைய சின்னத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுத என்ன கூலி ஆகும் என்று கேட்டார். புதிய சின்னத்தைப் போனில் காட்டினார். மூன்று உயரமான கோபுரக் கட்டடங்கள், அவற்றைச் சுற்றி ஒரு வளைவு, நீலமும் தங்கமும் ஒன்றுக்குள் ஒன்று கரைகிற நிறம், கீழே ஆங்கிலத்தில் மட்டும் பெயர். பெயருக்கு அடியில் கனவுகளைக் கட்டுகிறோம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கூலியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய சின்னத்தில் குறை இருக்கிறது, எழுதிய எனக்கே தெரியும். 1989-ல் எழுதியது. அப்போது எனக்கு 24 வயது. எழுத்துக்கு நிழல் விட்டு, ஓரம் கட்டி, மூன்று நிறத்தில் எழுதினால்தான் போர்டு என்று நினைத்த காலம். அந்த நிழல் எழுத்தைப் போனில் சின்ன வட்டத்துக்குள் வைத்தால் ஒன்றும் தெரியாது. பெயருக்குக் கீழே நீங்கள் செய்யும் வேலைகளையெல்லாம் வரிசையாக எழுதி நெருக்கியிருப்பேன். அதெல்லாம் போகட்டும். போகக் கூடாதது ஒன்றே ஒன்று, அந்தத் தூக்குக்குண்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் குண்டு.

அது எப்படி வந்தது என்று இப்போதைய இயக்குநர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. பெரியவர் கொத்தனாராக இருந்து, மேஸ்திரியாகி, அப்புறம் கான்டிராக்ட் எடுக்க ஆரம்பித்தவர். முதல் போர்டுக்காக லாரன்ஸ் ரோட்டில் நான் வேலை கற்றுக்கொண்டிருந்த கடைக்கு வந்தார். என்ன படம் போடட்டும் ஐயா என்று கேட்டேன். "வீட்டுப் படம் வேணாம், எல்லாரும் அதத்தான் போடுறான்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நான் கண்ணால் பார்த்து வரைந்தேன். குண்டு கொஞ்சம் பெரிதாக, மேலே உள்ள கட்டை கொஞ்சம் சிறிதாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "தம்பி, இத வச்சி எழுப்புனா செவுரு நம்ம பக்கம் சாஞ்சி நிக்கும்" என்றார். எனக்குப் புரியவில்லை. கடைச் சுவரிலேயே பிடித்துக் காட்டினார். கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். நூல் இரண்டுக்கும் நட்டநடுவில் போகும். கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரை உரசாமல், விலகியும் நிற்காமல் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். குண்டு பெரிதாகிவிட்டால் அதன் ஓரம் சுவரைத் தொடுவதை நம்பிக் கட்டுகிற கொத்தனார், சுவரின் மேல்பக்கத்தைத் தன்னை நோக்கிச் சாய்த்துவிடுவார். நான் வரைந்த படத்தில் அந்தத் தப்பு இருந்தது. காம்பஸ் வைத்துத் திரும்ப வரைந்தேன். இன்றைக்கும் உங்கள் குடோன் சுவரில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், கட்டையும் குண்டும் சரியாக இருக்கும்.

அதற்கு அடுத்த வருடம் நெல்லிக்குப்பம் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து பெரியவருக்குக் கால் முறிந்தது. நாலைந்து மாதம் கழித்துக் கைத்தடியோடு வந்தவர், தன் எக்ஸ்ரே ஃபிலிமை என்னிடம் கொடுத்தார். சும்மாதானே கிடக்கிறது, அச்சு வெட்டிக்கொள் என்றார். போர்டு எழுதுபவர்களுக்குத் தெரியும், ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிக்க அச்சு வெட்ட எக்ஸ்ரே ஃபிலிம் போல ஒன்று கிடையாது. பெயின்ட்டில் ஊறாது, வளைந்த இடத்திலும் ஒட்டி உட்காரும், டர்பன்டைனில் துடைத்தால் மறுபடி புதுசு. உங்கள் பாண்டுச் சட்டி, மண்வெட்டி, மெஷின் எல்லாவற்றிலும் இருக்கும் தூக்குக்குண்டு அந்த ஃபிலிமிலிருந்து வந்ததுதான்.

நீங்கள் வேலை கொடுத்த டிசைன் நிறுவனத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களிடம் பெரியவரின் கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த மூன்று கோபுரங்களைப் பார்த்ததும் என் மகள் அந்தப் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினாள். இப்போது எங்கள் கடையில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவள்தான். அதே கோபுரம், அதே வளைவு, வேறு வேறு நிறுவனப் பெயர்களோடு வரிசையாக வந்து நின்றன. பணம் கட்டி யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் படம் அது. நாளைக்குப் பண்ருட்டியில் ஒருவர் அதையே போட்டால் உங்களால் ஒன்றும் கேட்க முடியாது.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்தக் கோபுரங்கள் இருபது மாடி இருக்கும். நீங்கள் கட்டுவது தரைத்தளமும் மேலே ஒரு மாடியுமான வீடுகள், பள்ளிக்கூட வகுப்பறைகள், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள், கல்யாண மண்டபம், வாய்க்கால் பாலம். எல்லாம் கௌரவமான வேலை. கூத்தப்பாக்கத்தில் வீடு கட்ட நினைக்கும் ஒரு வாத்தியார் உங்கள் போர்டைப் பார்த்து, இவர்கள் பெரிய கட்டடக்காரர்கள், நமக்கு ஆக மாட்டார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்.

இன்னொரு மாதிரியும் காட்டினார்கள் என்று சின்ன முதலாளி சொன்னார். அதில் தூக்குக்குண்டு இருந்ததாம். வேகம் தெரிய வேண்டும் என்று அதைக் கொஞ்சம் சாய்த்து வரைந்திருந்தார்களாம். தம்பி, சாய்ந்த தூக்குக்குண்டை எந்தக் கொத்தனாரிடம் காட்டினாலும், காற்று அடிக்கிறது, நிற்கட்டும் என்றுதான் சொல்வார். அது அசையாமல் நிற்கும்போதுதான் சுவரைப் பார்க்கவே முடியும். அந்த மாதிரியை நீங்கள் வேண்டாம் என்றது சரி. ஆனால் சாய்வு வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாகத் தூக்குக்குண்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் சின்னம் எங்கெல்லாம் நிற்கப் போகிறது என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். சைட் போர்டு, தகரத் தடுப்பு, டிப்பர் கதவு, சிமென்ட் பால் தெறித்துக் காய்ந்த மெஷின், ரப்பர் ஸ்டாம்ப், பில், டெண்டர் காகிதம். டெண்டர் காகிதம் எத்தனை முறை ஜெராக்ஸ் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நீலம் தங்கத்தில் கரைகிற அழகு மூன்றாவது ஜெராக்ஸில் ஒரு கருப்புத் திட்டு. ரப்பர் ஸ்டாம்பில் கோபுரத்தின் ஜன்னல்கள் எல்லாம் மை அடைத்துக்கொள்ளும். மாறாக, ஒரு சதுரம், ஒரு கோடு, ஒரு குண்டு என்றால் இரண்டு சென்டிமீட்டரிலும் நிற்கும், இருபது அடிச் சுவரிலும் நிற்கும். கையில் பிரஷ் இல்லாத சித்தாள்கூடக் கரித்துண்டால் சுவரில் கிறுக்கிக் காட்டிவிடலாம். அவ்வளவு நல்ல வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே தேடுகிறீர்கள்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது நாங்கள் கைக்கொள்ளும் அளவு. ஆல்பேட்டைப் பக்கம் பாலத்தில் ஏறுகிற பஸ்ஸிலிருந்து, சாலைக்கு நூறடி உள்ளே இருக்கிற உங்கள் சைட் போர்டைப் படிக்க வேண்டுமானால் எழுத்து பத்து அங்குலமாவது வேண்டும். புதிய டிசைனில் போர்டின் முக்கால் பாகத்தைக் கோபுரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. பெயர் மூன்று அங்குலத்தில் சுருங்கிவிட்டது. ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் அதற்கும் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கிறீர்கள் என்றால் விளம்பரத்தில் அந்த எண் தெளிவாக இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். வாங்க வருகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான். மறைக்கிற மாதிரி எழுதினால் மறைக்கிறீர்கள் என்றே நினைப்பார்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபிளெக்ஸ் அச்சாவது நான்கு மையில்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. வெயில் முதலில் தின்பது மஞ்சளையும் மெஜந்தாவையும். தங்க நிறம் என்று அச்சடிப்பது இந்த இரண்டின் கலவைதான். ஒன்றிரண்டு கோடை போன ஃபிளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள், முகமெல்லாம் நீலம் பாரித்து நிற்கும். உங்கள் தங்கக் கோபுரமும் அப்படித்தான் ஆகும். சுவரில் எழுதலாம் என்றால், கரைகிற நிறத்தைப் பிரஷ்ஷில் கொண்டுவரலாம், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு டிப்பர் கதவுக்கு ஒரு நாள் ஆகும். நான் இல்லாத சைட்டில் யார் எழுதுவார்கள்?

கேப்பர் மலைப் பக்கம் போகும்போது மண்ணைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் சிவப்புக்கு ஈடு கிடையாது. அந்தப் பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்பாறை. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவையும் இந்த அடுக்கைச் சேர்ந்தவைதான். நம் ஊர்ப் பெயரில் ஒரு பாறையே இருக்கும்போது நிறத்தை எங்கிருந்தோ எடுப்பானேன்? அந்தச் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு தருகிற சிவப்பு. பழைய வீடுகளில் நாம் கால் வைத்து நடந்த ரெட் ஆக்ஸைடு தரையும், நீங்கள் இன்றைக்கும் கம்பிக் கதவில் அடிக்கிற பிரைமரும் அதே குடும்பம்தான். ஏற்கெனவே துருவாகி முடிந்த பொருள் என்பதால் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது அசைவதில்லை. செம்மண் நிறத் தரையில் வெள்ளை எழுத்து, வெள்ளைத் தூக்குக்குண்டு. எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும், எந்த மேஸ்திரியும் திரும்ப அடித்துக்கொள்வார்.

நம் மாவட்டத்தில் வேறொரு விஷயமும் பார்க்க வேண்டும். இரண்டு நிறத்தைப் பட்டையாக அடுத்தடுத்து வைத்தாலே ஏதோ ஒரு கட்சிக் கொடியாகிவிடும். தேர்தல் நேரத்தில் அப்படி ஒரு போர்டைத் துணி போட்டு மூடச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பையும் வெள்ளையையும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி அடித்தால் கோயில் மதில் ஆகிவிடும். அதனால்தான் பட்டை வேண்டாம், ஒரே தரை நிறம் போதும் என்கிறேன்.

ஹெல்மெட்டை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லா ஹெல்மெட்டையும் புதிய நீலத்தில் மாற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். சைட்டில் வெள்ளை ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் இன்ஜினியர் எங்கே என்று கொத்தனார் கண்டுபிடிக்கிறார். மஞ்சளும் கருப்பும் பள்ளம் இருக்கிறது என்று சொல்கிற நிறம். ஆபத்துக்கென்று இருக்கிற நிறங்களோடு விளம்பரம் கலக்க வேண்டாம். சின்னத்தை நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒட்டினால் போதும்.

இனி தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

புதிய டிசைனில் தமிழ்ப் பெயர் இல்லை. கேட்டதற்கு, போர்டு எழுதும்போது தமிழில் போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆங்கில எழுத்துக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து வடிவம் கொடுப்பார்கள். தமிழைக் கடைசி நாள் கம்ப்யூட்டரில் இருக்கிற ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டி ஓரத்தில் ஒட்டுவார்கள். தமிழ் தெரியாத சாப்ட்வேரில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று தொங்கும். நம் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் போர்டில் 'கொ' உடைந்து மூன்று துண்டாக நின்றது. ஆறு மாதம் அப்படியே நின்றது. அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லையா என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு அந்த வழியாகப் போவேன்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒவ்வொரு அலுவலகத்தின் வெளியிலும் நிறுவனத்தின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் அந்த ஊரில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளும் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆக, தமிழ் எப்படியும் வரத்தான் போகிறது. வரப்போவதை முதலிலேயே அழகாக வரைந்துகொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தமிழ் எழுத்தை ஆங்கிலத்தின் பக்கத்தில் நிறுத்துவது தனி வேலை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், மட்டம் பிடித்த செங்கல் வரி போல. தமிழில் 'கு' கீழே இறங்கும், 'டி' மேலே வளையும், மெய்யெழுத்தின் புள்ளி அதற்கும் மேலே போகும். இரண்டையும் ஒரே உயரப் பெட்டியில் அடைத்தால் தமிழ் சிறுத்துப் பசியோடு நிற்பது போல இருக்கும். உடல் எழுத்தை அளந்து, மேலும் கீழும் இடம் விட்டு, ஆங்கிலத்தைவிடப் பெரிதாக எழுதினால்தான் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். என் குரு எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அவர் பழைய போர்டுகளில் துதிக்கை வைத்த 'லை'யையும் 'னை'யையும் மாற்றி மாற்றி எழுதியவர். திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் நெடுங்காலம் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் அடுத்தடுத்த கடைகளில் இருந்தன. யாருக்கும் படிக்கச் சிரமம் இருந்ததில்லை. எழுத்து மாறினாலும் அதை எழுதிய கையில் அளவு மாறவில்லை.

உங்கள் தொழிலின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம். (கட்டடமா, கட்டிடமா என்ற பஞ்சாயத்து எனக்கும் தெரியும். போர்டு எழுத எனக்குக் கட்டடம்தான் பிடிக்கும்.) அதில் மூன்று 'ட' இருக்கிறது. 'ட' என்ன வடிவம்? ஒரு நேர்கோடு இறங்கி, ஒரு நேர்கோடு படுக்கிறது. அது மூலைமட்டம்! கொத்தனார் அறை மூலையில் வைத்துப் பார்க்கும் அதே மூலைமட்டம், ஒரே சொல்லில் மூன்று தரம். 'ப' என்பது கடைக்கால் தோண்டிய பள்ளத்தின் குறுக்குவெட்டு. நாற்பது வருடமாக எழுதுகிற எனக்கு இந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை. கட்டுமானக்காரருக்கென்றே செய்து வைத்தது போன்ற எழுத்தை விட்டுவிட்டு, சின்னத்தில் ஆங்கிலம் மட்டும் போதும் என்றால் எனக்கு வலிக்கத்தான் செய்யும். தமிழ் தெரிந்த எழுத்து வடிவமைப்பாளர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். உங்கள் பெயரை அவர்களில் ஒருவரிடம் கொடுத்து, 'ட'வுக்கு மூலைமட்டத்தின் கறார், மற்ற எழுத்துகளுக்கு அதன் தடிமன் என்று வரையச் சொல்லுங்கள். அப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பக்கத்தில் படம்கூட வேண்டியதில்லை.

புதுச்சேரியில் தெரு மூலைகளில் இருக்கும் நீலப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். நீல எனாமலில் வெள்ளை எழுத்து, பிரெஞ்சும் தமிழும். படமில்லை, அலங்காரமில்லை. அந்தப் பலகையை எங்கே பார்த்தாலும் இது புதுச்சேரி என்று சொல்லிவிடலாம். கடலோரக் காற்றில் அவ்வளவு காலம் தாங்கி நிற்கின்றன. ஒரே மாதிரி, ஒரே நிறம், ஒரே உயரம், இதைத் தலைமுறை தலைமுறையாக மாற்றாமல் வைத்திருந்ததுதான் அதன் பலம்.

அங்கேயே கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இருக்கிறது. 1870-களின் தொடக்கத்தில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. 2021-ல் திரும்பக் கட்டித் திறந்தபோது உள்ளே இருக்கும் பொருளெல்லாம் புதிது, கடலைப் பார்க்கும் முகம் மட்டும் பழைய முகம். அதைப் பார்க்கப் போன பெரியவர்கள், அதே மாதிரி இருக்கே என்று சொல்லி நின்றதை நான் கேட்டேன். உங்கள் சின்னத்துக்கும் அப்படிச் செய்யச் சொல்கிறேன். கோடு புதிதாகட்டும், எழுத்து புதிதாகட்டும், நிழலும் நெரிசலும் போகட்டும். முகம் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

இனி சொல்லப் போவதை டிசைன் நிறுவனம் உங்களிடம் சொல்லியிருக்காது.

சைட் போர்டு எத்தனை நாள் நிற்கும்? வேலை முடியும் வரை. சாவி கொடுத்த மறுநாள் போர்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடும். அப்புறம் அந்த வீட்டை யார் கட்டினார்கள் என்று அந்த வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் பழைய வீடுகளின் முகப்பில் சுண்ணாம்புச் சாந்தில் வருடத்தை எழுதியிருப்பார்கள். செங்கலிலேயே அடையாளம் இருக்கும். சேம்பர் செங்கலை எடுத்துப் பாருங்கள், நடுவில் உள்ள குழியில் சூளைக்காரர் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். பூச்சுக்குள் போய்விடும் என்று தெரிந்தும் அவர் எழுத்தைப் பதிக்கிறார். பல வருடம் கழித்து வீட்டை இடிக்கும்போது அந்த எழுத்து வெளியே வருகிறது. யார் சுட்ட செங்கல் உடையவில்லை என்று அப்போது ஊருக்குத் தெரிகிறது.

நீங்களும் கட்டி முடிக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும், கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் அளவுக்குக் கருங்கல் பலகையில் தூக்குக்குண்டையும் பெயரையும் வருடத்தையும் வெட்டிப் பதியுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ரெரா சட்டத்தின் கீழ் வருகிற கட்டடத்தில் சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அந்தப் பொறுப்பு உங்களுக்கு இருக்கத்தான் போகிறது. அதைக் கல்லில் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறவர் என்று பெயர் வாங்குங்களேன். தண்ணீர் வந்த ஊர் இது. 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் பெண்ணையாறு ஊருக்குள் வந்தது, எல்லாம் பார்த்துவிட்டோம். இன்று மனை பார்க்க வருகிறவர் போர்டைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்க்கிறார். கறைக்கு மேலே விரிசலில்லாமல் நிற்கிற சுவரில் உங்கள் பெயர் இருந்தால் அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்?

2011 டிசம்பர் 30 காலை உங்களுக்கு நினைவிருக்கும். தானே புயல் அடித்து ஓய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் போர்டுகளைப் பார்க்கக் கிளம்பினேன். சைக்கிள் ஓட்ட வழியில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். மரங்கள் எல்லாம் ரோட்டில். நான் எழுதிய தகர போர்டுகளில் பாதியைக் காணோம், ஃபிளெக்ஸ் எல்லாம் கிழிந்து மின்கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் குடோனுக்கு வந்தேன். கூரைத் தகரம் போய்விட்டிருந்தது. சுவரில் தூக்குக்குண்டும் பெயரும் அப்படியே இருந்தன. அந்தச் சுவருக்கு முன்னால் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையாக ஜனங்கள். கூரை போனவர்கள், சுவர் விழுந்தவர்கள். போன் வேலை செய்யாத நாள், ஆட்களை எங்கே தேடுவது என்று தெரியாமல் சுவரில் இருந்த பெயரைப் பார்த்து வந்து நின்றவர்கள். பெரியவர் ஒரு நோட்டில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டு, "எழுத்து நல்லா வருமில்ல, நீ எழுது" என்று நோட்டைக் கொடுத்தார். மதியம் வரை எழுதினேன்.

சின்ன முதலாளி அழிக்கச் சொன்னது அந்தச் சுவரைத்தான்.

வேலையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. எந்தச் சின்னத்தை வைத்தாலும் வரைந்தவரிடமிருந்து உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துவிட்டால் படம் நமதாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யுங்கள். கட்டுமானச் சேவை 37-ஆம் வகுப்பில் வரும், ஒரு முறை பதிந்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். 1989 முதல் புழக்கத்தில் இருக்கும் சின்னத்துக்கு அந்தப் பழக்கமே ஒரு பலம். பழைய பில்லும் போட்டோவும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மெஷின் பெயின்ட் அடிக்கிற முறை வரும்போது மெஷின், லெட்டர்பேடு தீரும்போது லெட்டர்பேடு என்று போனால் காசும் மிஞ்சும், பார்க்கிறவர்களுக்கும் பழகும்.

நான் சொன்ன கூலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அழிக்க ஒரு விலை, எழுத ஒரு விலை என்று சொன்னேன். எழுதுவதற்கு அதே விலை. அழிக்கிற வேலைக்கு நான் வரவில்லை.

வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு அலுவலகத்துக்கு வருகிறேன். டிசைன் செய்கிற பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள், என் மகளும் வருவாள். எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டுவருகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூக்குக்குண்டு வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பெரியவரின் முறிந்த எலும்பு இன்னும் தெரியும். கூடவே காம்பஸும் ஸ்கேலும் எடுத்து வருகிறேன். கட்டையும் குண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டுமல்லவா, அதை அவர்களுக்குச் சுவரில் பிடித்துக் காட்டிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய போர்டை எழுதியவன்